சுண்டைக்காய்க்கு மேல் வளரக் கூடாது

வேங்கிக்கால் ஓரத்தில் புதிதாகக் கட்டிய மஞ்சள் கட்டடத்துக்குள் முதல் தடவை நுழைந்த வேடியப்பன், காய்கறிக் கடைக்கு வந்துவிட்டோமோ என்று வெளியே போய்ப் பெயர்ப்பலகையை மறுபடி படித்துவிட்டு வந்தார். பலகையில் தவறில்லை. 'மாவட்ட நாய் பூனைக் கட்டி ஆய்வு நிலையம்' என்றுதான் இருந்தது. ஆனால் உள்ளே சுவரில் கடுகு, மிளகு, சுண்டைக்காய், நெல்லிக்காய், எலுமிச்சை, சாத்துக்குடி, தேங்காய் என்று வரிசையாக எண்ணெய் வண்ணத்தில் படம் வரைந்திருந்தார்கள். தேங்காய்க்குக் குடுமிகூட இருந்தது.

அது நிலையத்தின் அளவுகோல். வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமான புதிதில், மற்ற மாவட்டங்களில் இல்லாத ஏதாவது ஒன்று நமக்கு வேண்டும் என்று யாரோ ஒரு கூட்டத்தில் பேசிவிட்டார்கள். பேசியவர் மறந்துவிட்டார், நிலையம் வந்துவிட்டது. வந்த நிலையத்துக்கு ஒரு முறை வேண்டுமே. சுண்டைக்காய் வரை உள்ள கட்டிக்குக் கண்காணிப்பு. நெல்லிக்காயும் எலுமிச்சையும் என்றால் இங்கேயே கத்தி. சாத்துக்குடி முதல் சென்னைக்கு அனுப்பிவிட வேண்டும். இதுவரை நியாயமான முறைதான் என்று யாரும் ஒப்புக்கொள்வார்கள்.

இதற்கு மேல் இன்னொரு முறையும் இருந்தது. கட்டியைப் பதவி வரிசையில்தான் தொட வேண்டும். முதலில் தலைவர், பிறகு துணைத் தலைவர், அப்படியே கீழே. மேலே இருப்பவர் சொன்ன அளவைவிடப் பெரிதாகக் கீழே இருப்பவர் கையில் கட்டி தட்டுப்படக் கூடாது. இது எங்கும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

வேடியப்பனுக்கு இதெல்லாம் தெரியாது. அவர் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர். காது குத்தலோ கட்சிக் கூட்டமோ, திருவண்ணாமலையில் எங்கே கூம்பு ஒலிபெருக்கி கத்தினாலும் பாதி அவருடையதாக இருக்கும். அவருடைய நாய்க்குப் பெயர் எக்கோ. ஒரு தடவை குரைத்துவிட்டு, எல்லோரும் மறந்த பிறகு இன்னொரு தடவை குரைக்கும். பொருள்களைப் போட்ட குடோனுக்கு அதுதான் காவல். ஐப்பசி மழையில் ஒரு நாள் அதற்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி சரோஜா, வலது பின்னந்தொடையில் விரல் பட்டு நின்றார்.

"இன்னாங்க, இங்க வந்து தொட்டுப் பாருங்க. உண்ணியில்ல இது."

ஊரில் இருந்த மாட்டு டாக்டர்கள் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். நாய்க் கட்டியா, அதுக்குன்னே நிலையம் இருக்குதே.

நிலையத் தலைவர் டாக்டர் முருகவேல் கை கழுவினார். வெள்ளைத் துண்டில் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டார். பிறகு, மாங்காயை விலை கேட்பவர் போல மேசையில் நின்ற எக்கோவின் கட்டியை இரண்டு விரலால் அமுக்கிக் கண்ணை மூடினார்.

"சுண்டைக்காய்," என்றார்.

துணைத் தலைவர் தருமன் அடுத்ததாக அமுக்கினார். "சுண்டைக்காய்தாங்க சார். அச்சு அசல்."

அவருக்கு அடுத்தவர் கொஞ்சம் அழுத்தி அமுக்கினார். "சுண்டைக்காய். பிஞ்சுன்னுகூடச் சொல்லலாம் சார்."

எக்கோ நெளிந்தது. தலையைப் பிடித்திருந்த வேடியப்பனின் கண் கட்டியிலேயே இருந்தது. அமுக்க அமுக்க அது சிவந்தது, சுற்றிலும் தடித்தது, கண்ணெதிரே உப்பியது. வரிசையில் கடைசியாக நின்றது டாக்டர் எழில். புதிதாக வேலைக்கு வந்த பெண். அவர் கை வைக்கும்போது சுவரில் இருந்த நெல்லிக்காய் அப்படியே இறங்கி வந்து எக்கோவின் தொடையில் உட்கார்ந்திருந்தது.

எழில் விரலை எடுக்கவில்லை. "கொஞ்சம்..." என்றார்.

"கொஞ்சம் என்னம்மா?" என்றார் தலைவர்.

"சுண்டைக்காய்தான் சார்."

தலைவர் வேடியப்பன் பக்கம் திரும்பினார். "பாருய்யா, கட்டின்னா எல்லாரும் பதறுறீங்க. கட்டிக்குக் காது இருக்குது. நாம பதறினா அதுவும் பதறும். நாங்க இங்க இத்தனை பேரு நிதானமா இருக்கறதாலதான் இந்த மாவட்டத்துல எந்தக் கட்டியும் துள்ளல. கண்காணிப்புல வைக்கலாம். போயிட்டு வா."

வெளியே புங்கமரத்தடியில் வண்டியில் எக்கோவை ஏற்றிக்கொண்டிருந்தபோது எழில் பின்னாலேயே வந்தார்.

"அண்ணா, அத யாரையும் அமுக்க விடாதீங்க."

"உங்க தலைவரே அமுக்குறாரும்மா."

"அதத்தான் சொல்றேன்."

அவர் சொன்னது இது. நாயின் தோலுக்கடியில் மாஸ்ட் செல் என்று ஒரு வகைச் செல் உண்டு. காவல்காரச் செல். நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தால் வயிறு நிறையக் கசகசா கொட்டி வைத்தது போல இருக்கும். அந்தக் கசகசாவுக்குள்தான் தடிப்பையும் அரிப்பையும் கொண்டுவரும் சரக்கு இருக்கிறது. கொசு கடித்தால் சில செல் உடைந்து சரக்கைக் கொட்டும், தோல் தடிக்கும், பிறகு அடங்கும். அந்தச் செல்களே அளவில்லாமல் பெருகிக் கட்டியாகிவிட்டால் தொல்லை. அமுக்கும்போதெல்லாம் சரக்கு கொட்டும், கட்டி உப்பும். மறுநாள் வடிந்து ஒன்றும் தெரியாதது போல உட்கார்ந்திருக்கும். காலையில் சுண்டைக்காய், மத்தியானம் நெல்லிக்காய் என்று ஆட்டம் காட்டும் கட்டிதான் மோசமான கட்டி.

"எல்லாக் கட்டியும் அப்படியா டாக்டரம்மா?"

"இல்லண்ணா. கொழுப்புக் கட்டின்னு ஒண்ணு இருக்குது. விரலுக்குக் கீழ வழுக்கிட்டு ஓடும், மெத்துன்னு இருக்கும். காலி சிரிஞ்சுல சின்ன ஊசியக் குத்தி இழுத்து, வர்றதக் கண்ணாடில தடவினா எண்ணெ மாதிரி மினுக்கும், எவ்ளோ நேரம் வச்சாலும் காயாது. அதுக்கு மைக்ராஸ்கோப்புகூட வேணாம். பயமே வேணாம், சாவுற வரைக்கும் கூடவே இருந்துட்டுப் போவும். உங்க எக்கோவுக்கு இருக்கறது வழுக்கல. அடியில பிடிச்சிருக்குது. இதுக்கு ஊசி போட்டுப் பார்த்தே ஆவணும்."

"அப்ப பார்த்துடுங்க."

"மைக்ராஸ்கோப்பு பீரோவுல இருக்குது. ரெக்சின் உறை போட்டு, மேல ரிப்பன் கட்டி. சென்னையிலேர்ந்து கால்நடைத் துறை இயக்குநர் வந்து திறந்து வைக்கணும். அதுவரைக்கும் யாரும் கண்ண வைக்கக் கூடாது."

"பார்க்காமலே வெட்டிட முடியாதா?"

"இப்பன்னா முடியும். கட்டியச் சுத்தி ரெண்டு விரக்கடை நல்ல தோலையும் சேர்த்து எடுத்துட்டு, மிச்சத்த இழுத்துத் தச்சிடலாம். பெருசாயிட்டா தொடையில இழுக்கத் தோலு இருக்காது. அப்புறம் காலத்தான் எடுக்கணும்."

வேடியப்பன் அவரையே பார்த்தார். "நெல்லிக்காய்னு ஒரு வார்த்தை உள்ள சொல்லியிருந்தீங்கன்னா?"

எழில் கீழே பார்த்தார். "கத்தி வச்ச அலமாரிச் சாவி அவருகிட்ட இருக்குதுண்ணா," என்றார்.

கண்காணிப்பு என்றால் என்ன என்பதை வேடியப்பன் அதற்குப் பிறகு கற்றுக்கொண்டார். எக்கோவை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், வரிசையாக எல்லோரும் அமுக்குவார்கள், சுண்டைக்காய் என்பார்கள், திரும்பக் கொண்டுவர வேண்டும். கண்காணிக்கக் கண்காணிக்கக் கட்டி வளர்ந்தது. எழில் ரகசியமாகக் கொடுத்த மாத்திரையில் அரிப்பு கம்மியானது. கட்டி கம்மியாகவில்லை.

கார்த்திகை வந்தது. தீபத் திருவிழா மாட்டுச் சந்தைக்குத் தலைவருக்கு டூட்டி போட்டுவிட்டார்கள். ஊரே மலையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் வேடியப்பன் மட்டும் நாயின் தொடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டி நெல்லிக்காயைத் தாண்டி எலுமிச்சைக்கு வந்திருந்தது. மேல் தோல் பளபளத்தது. எலுமிச்சை வரை இங்கேயே கத்தி வைக்கலாம் என்று சுவர் சொல்கிறதே என்று, தேரோட்டத்துக்கு மைக் கட்டும் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார்.

தருமன் கை கழுவி, விரல் விரலாகத் துடைத்து, அமுக்கினார்.

"சுண்டைக்காய்."

"சார், சுவத்துல பாருங்க. எலுமிச்சங்கா சைசுக்கு இருக்குது."

"இருக்கலாம்பா. நான் இல்லன்னு சொல்லல. எனக்கும் கண்ணு இருக்குது." தருமன் நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். "ஆனா தலைவரு சுண்டைக்காய்னு சொல்லிட்டுச் சந்தைக்குப் போயிருக்காரு. அவரு இல்லாதப்ப அது வளர்ந்தா என்ன அர்த்தம்? நாளைக்கு அவரு வந்து, நான் இருந்தவரைக்கும் அடங்கி இருந்துச்சு, உன் பொறுப்புல விட்டதும் வளர்ந்துடுச்சான்னு கேப்பாரு. நான் இன்னா பதில் சொல்றது? என்னப் பொறுத்தவரைக்கும் அவரு வர்ற வரைக்கும் இது சுண்டைக்காய்."

"அதுக்குள்ள கால் போயிடும் சார்."

"கால் போறது வேற விஷயம். அளவு வேற விஷயம்."

சந்தைக்கே போய்த் தலைவரைப் பார்த்தார் வேடியப்பன். காங்கேயம் காளைகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தலைவர், நாய் விஷயத்தை மாட்டுச் சந்தையில் பேசுவது இரண்டுக்கும் மரியாதை இல்லை என்றார்.

தீபம் முடிந்து, கூட்டம் கலைந்து, தலைவர் அலுப்புத் தீர்ந்து நிலையத்துக்கு வந்தார். கை கழுவினார். எக்கோவின் தொடையில் கை வைத்தார். இந்தத் தடவை இரண்டு விரல் போதவில்லை, உள்ளங்கை வேண்டியிருந்தது.

"சாத்துக்குடி," என்றார்.

"சாத்துக்குடிதாங்க சார்," என்றார் தருமன். குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

தலைவர் வேடியப்பனைப் பார்த்தார். "இதுக்கு இங்க ஒண்ணும் பண்ண முடியாது. சென்னைக்குத்தான். ஏன்யா, இவ்ளோ பெருசாவுற வரைக்கும் வீட்டுலயே வச்சிருந்தீங்க? முன்னாடியே கொண்டாந்து காட்டக் கூடாது?"

வேடியப்பன் எக்கோவை மேசையிலிருந்து தூக்கிக்கொண்டு வண்டிக்கு நடந்தார்.

சென்னையில் ஊசி குத்தி, சாயம் ஏற்றி, கசகசாவைப் பார்த்தார்கள். அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். எழில் சொன்னதேதான். இழுத்துத் தைக்கத் தோல் இல்லை. எக்கோ மூன்று காலில் திருவண்ணாமலைக்கு வந்தது. குடோன் வாசலில் குரைக்க எழுந்தபோது இல்லாத காலை ஊன்றி, பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. பிறகு எழுந்து இரண்டாவது குரைப்பை விழாமல் குரைத்தது.

சரோஜா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அந்தாளுக்கு ஒரு கட்டி வரணும்," என்றார். "அத அவனே தொட்டுப் பார்த்து மிளகுன்னு சொல்லணும். சொன்ன பிறவு ஒருத்தனும் அவன்கிட்ட வாயத் திறக்கக் கூடாது."

சாபம் பலிக்கும் என்று இந்தக் கதை சொல்ல வரவில்லை. அவர் அதைச் சொல்வதற்கு முன்பே கட்டி வந்திருந்தது.

மாசி மாதம் மைக்ராஸ்கோப்புத் திறப்பு விழா. மைக் செட்டுக்கு வேடியப்பனைத்தான் கூப்பிட்டார்கள், ஏனென்றால் நிலையத்தில் எழிலைத் தவிர யாருக்கும் அவர் யாரென்று ஞாபகம் இல்லை.

"போவாதீங்க. வேற ஆளப் பார்த்துக்கட்டும்," என்றார் சரோஜா.

"போறேன்," என்றார் வேடியப்பன். "இருக்கறதுலயே நல்ல செட்டா எடுத்துட்டுப் போறேன். நீ எக்கோவக் கூட்டிட்டு வந்து முன் வரிசையில உக்காரு."

கூம்பு ஒலிபெருக்கிக்கு ஒரு குணம் உண்டு. வாய் இருக்கும் பக்கம் கத்தும், முதுகுப் பக்கம் முணுமுணுக்கும். வேடியப்பன் எல்லாக் கூம்புகளையும் சாலையைப் பார்த்துக் கட்டினார். பேருந்து நிறுத்தம் வரை கட்டினார். ஜெனரேட்டரை, வழக்கமாக வைக்கும் இடத்தில் வைக்காமல், தலைவர் அறையின் ஜன்னலுக்குக் கீழே வைத்தார். அது ஓடும்போது உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே இடி விழுந்தாலும் கேட்காது. பிறகு, சட்டைக் காலரில் குத்தும் புது மைக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தலைவர் பட்டு வேட்டியில் இருந்தார். "ஆன்ல இருக்குதாய்யா?"

"இல்லீங்க சார்," என்றார் வேடியப்பன்.

காலரை விலக்கி ஒயரைப் பின்பக்கமாக விடும்போது அவர் கை நின்றது. தலைவரின் பிடரியில் முழுசாக ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. விரல் பட்டதும் மெத்தென்று நழுவி ஓடியது.

தலைவர் சட்டென்று தலையைத் திருப்பினார். "அது ஒண்ணுமில்ல. மிளகு சைசுக்கு ஏதோ இருக்குது. தருமன், நீங்க அன்னிக்குப் பார்த்தீங்க இல்ல?"

"மிளகுதாங்க சார்," என்றார் தருமன்.

"இன்னிக்குப் பாருங்க. எனக்கென்னவோ காலர் இடிக்குது."

பதவி வரிசையில் வந்தார்கள். தருமன் அமுக்கினார். "மிளகு சார்." அடுத்தவர் அமுக்கினார். "மிளகு. நல்மிளகுன்னுகூடச் சொல்ல முடியாது சார், வால்மிளகு." அதற்கடுத்தவர் தொடாமலே மிளகு என்றார். எழில் அறையில் இல்லை, வாசலில் இயக்குநருக்காக மாலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சாலையில், கூம்புகளின் வாய்க்கு எதிரே, கீழ்பென்னாத்தூர் பேருந்துக்காக நின்ற கூட்டம் மிளகு விலை ஏறிவிட்டதா என்று முதலில் குழம்பியது. பிறகு புரிந்துகொண்டது.

"உண்மையச் சொல்லுங்கய்யா," என்றது தலைவரின் குரல், சாலையெங்கும். "பயந்துட்டுச் சொல்லாதீங்க. எனக்குத் தூக்கம் வரல."

"உண்மையாவே மிளகுதாங்க சார்."

மேடைக்கு வந்தபோது கூட்டம் ஏன் எழுந்து நின்று சிரிக்கிறது என்று தலைவருக்குத் தெரியவில்லை. வரவேற்பு என்று நினைத்துக் கும்பிட்டார். பேசத் தொடங்கினார்.

"இந்த நிலையம் தொடங்கின நாளிலேர்ந்து இன்றைய தேதி வரைக்கும், கட்டியால ஒரு நாய்க்கும் இங்க கத்தி வைக்க வேண்டிய நிலைமை வரல. ஏன்? எந்தக் கட்டியையும் நாங்க சுண்டைக்காய்க்கு மேல விட்டதில்ல. எப்படி விடாம இருந்தோம்? ஒழுங்கு. எங்க நிலையத்துல ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர் மாத்திச் சொன்னதா வரலாறே இல்ல."

முன் வரிசையில் சரோஜாவின் காலடியில் இருந்த எக்கோ எழுந்து, மூன்று காலில் மேடை வரை வந்து, உட்கார்ந்தது.

"மிளகு!" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

காரில் வரும்போதே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்த இயக்குநர் எழுந்தார். சென்னைக்காரர், சுறுசுறுப்பானவர். "இன்னாய்யா கழுத்துல? காட்டு," என்று மேடையிலேயே காலரைத் தூக்கி, கை நிறையப் பிடித்தார். "இதுவா மிளகு? சாத்துக்குடிய்யா இது."

"சாத்துக்குடிதாங்க சார்," என்றார் தருமன், உட்கார்ந்த இடத்திலிருந்தே.

"சாத்துக்குடி," என்றார் அடுத்தவர். "கமலாப்பழம்னு சொன்னாலும் தப்பில்ல சார்."

தலைவரின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கோ டூட்டிக்குப் போய்விட்டது.

"சென்னைக்குத்தான் போவணும்," என்றார் இயக்குநர் மைக்கில். "ஏன்யா, இவ்ளோ பெருசாவுற வரைக்கும் வச்சிருந்தே? முன்னாடியே காட்டக் கூடாது?"

சாலையில் பேருந்து வந்து நின்றும் யாரும் ஏறவில்லை.

பிறகு ரிப்பனை வெட்டி, ரெக்சின் உறையை எடுத்து, இயக்குநர் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார். ஈரத்தில் உறை போட்டு மூடி வைத்த கண்ணாடி லென்சில் பூஞ்சை பிடிக்கும். ஒரு மழைக்காலம் முழுவதும் பீரோவில் இருந்த அந்த லென்சில் சிலந்தி வலை போலக் கிளை கிளையாகப் பிடித்திருந்தது. அடியில் கண்ணாடித் துண்டு எதுவும் வைக்கவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. "ஆஹா, செல்லு எவ்ளோ தெளிவாத் தெரியுது," என்றார் இயக்குநர். பதவி வரிசையில் எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தது.

சாயங்காலம் பந்தல் பிரிக்கும்போது தலைவர் மாலையோடு தனியாக உட்கார்ந்திருந்தார். தருமனும் மற்றவர்களும் இயக்குநரை வழியனுப்ப அவரோடேயே காரில் போய்விட்டிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் வேடியப்பன் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். நாற்காலிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்த எழிலைத் தலைவர் கூப்பிட்டார்.

"நீ தொட்டுப் பாக்கவே இல்லையேம்மா."

எழில் வந்து பிடரியில் இரண்டு விரலை வைத்தார். கட்டி நழுவியது. இன்னொரு பக்கம் தள்ளினார், அங்கேயும் நழுவி ஓடியது. மெத்தென்று இருந்தது. அவருடைய கைப்பையில் காலி சிரிஞ்சும் ஊசியும் இருந்தன, ஒரு துண்டுக் கண்ணாடிக்கும் பஞ்சமில்லை. ஊசிகூட வேண்டாம். வெறும் கொழுப்புக் கட்டி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த மனிதர் வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டுப் படுப்பார்.

எழில் நிமிர்ந்தார். ஒயர் சுற்றுவதை நிறுத்திவிட்டு வேடியப்பன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காலருகே எக்கோ, இல்லாத காலின் பக்கமாக அவர் மேல் சாய்ந்து நின்றது.

"கொஞ்சம்..." என்றார் எழில்.

"கொஞ்சம் என்னம்மா?"

"கண்காணிப்புல வைக்கலாம் சார்."

அவர் நாற்காலிகளிடம் திரும்பிப் போனார். வேறு யாரும் இல்லாததால், தலைவர் வேடியப்பனைப் பார்த்தார். "ஏம்பா, மைக் குத்தும்போது நீ தொட்ட. உனக்கு எப்படி இருந்துச்சு?"

"நான் மைக் செட்டுங்க சார்," என்றார் வேடியப்பன். "எனக்கு இன்னா தெரியும்?"

ஒயர்ச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு, எக்கோவை வண்டியில் தூக்கி வைத்தார். ஏதோ நினைத்துக்கொண்டவர் போலத் திரும்பி வந்து, தலைவரின் காதருகே குனிந்து, மிகவும் அக்கறையாகச் சொன்னார்:

"ஆனா ஒண்ணு சார். அத யாரையும் ஜாஸ்தி அமுக்க விடாதீங்க."

தலைவரின் கை தானாகப் பிடரிக்குப் போனது. தொடப் பயந்து அந்தரத்திலேயே நின்றது. வண்டியிலிருந்து எக்கோ ஒரு தடவை குரைத்தது. வண்டி கிளம்பி, வளைவு திரும்பி, தூசி அடங்கி, அவர் மறந்திருந்த நேரத்தில் இன்னொரு தடவை குரைத்தது.